சோடா பாட்டிலைப் பட்டை போட்டுக் கட்டலாமா? செமி ஆட்டோ ஸ்டிராப்பிங் மெஷின் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் ஏற்றிய பெட் (PET பிளாஸ்டிக்) பாட்டில்களைக் கட்ட, பிளாஸ்டிக் பட்டையை இறுக்கி ஒட்டுகிற இந்த மெஷினை வாங்கலாம், காசு வீணாகாது. சாதாரணத் தண்ணீர் பாட்டிலுக்கு வேண்டாம். ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். சின்ன அளவில் சோடா, கலர் போடுகிறவர்கள் யாராவது மெஷின் கடையில் போய் நின்றால், அங்கே அட்டைப் பெட்டியைக் கட்டித்தான் டெமோ காட்டுவார்கள். பாட்டில் என்பது வேறு சமாச்சாரம். அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது சாத்தூர் பக்கம் ஒரு சின்ன யூனிட். பன்னீர் சோடா, லெமன், ஜிஞ்சர், அப்புறம் வெயில் காலத்தில் திராட்சை. தம்பி சிரப்பும் ஃபில்லிங்கும் பார்க்கிறான். மூடி போட்டு பாட்டில் வெளியே வந்ததிலிருந்து வண்டி கிளம்பும்வரை என் பொறுப்பு. எங்கள் மாவட்டத்துக்குக் கலர் தொழில் புதிதில்லை, காளிமார்க் 1916-ல் தொடங்கியதே விருதுநகரில்தான். கண்ணாடி பாட்டில் இருந்தவரை பேக்கிங் என்று ஒரு வேலையே கிடையாது. கிரேட்டில் போகும், காலி பாட்டில் கிரேட்டில் திரும்பி வரும். 600 மில்லி பெட் பாட்டிலுக்கு மாறிய பிறகுதான் எதில் கட்டி அனுப்புவது என்ற கேள்வியே வந்தது.

அட்டைப் பெட்டியில் அனுப்பினால் பெட்டி விலை லாபத்தில் கை வைக்கிறது. ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் தாள்) போடலாம் என்றால் அதைச் சுருக்கச் சூடான டனல் வேண்டும், அதற்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும். சித்திரை மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இன்னொரு அடுப்பை ஏற்றி வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் பெண்களை நிற்க வைத்து வேலை வாங்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் பட்டை.

மெஷின் என்று பெரிதாக நினைக்க வேண்டாம். இடுப்பு உயரத்தில் ஒரு இரும்பு மேசை, நடுவில் ஒரு நீளமான பிளவு, பக்கத்தில் பட்டை ரோல் மாட்டும் சக்கரம். வீட்டுக் கரண்டில் ஓடும். சுவிட்ச் போட்டுக் கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் தகடு சூடாகிவிடும். நாம் பட்டையைக் கையால் சரக்கைச் சுற்றிக் கொண்டுவந்து நுனியைப் பிளவில் நுழைக்க வேண்டும். அவ்வளவுதான், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். நுனியைக் கவ்வி, பட்டையை இழுத்து இறுக்கி, இரண்டு அடுக்குக்கும் நடுவே சூடான தகட்டை நுழைத்து, மேல்பரப்பை உருக்கி, தகட்டை வெளியே இழுத்த கையோடு அழுத்தி ஒட்டி, வாலை வெட்டிவிடும். இரும்பு கிளிப் கிடையாது, பசை கிடையாது. இரண்டு மூன்று வினாடியில் முடிந்துவிடுகிற வேலை. நான் வாங்கியபோது முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது, வரி தனி.

கடையில் சொல்லாத முதல் விஷயம்: இந்த மெஷின் பட்டையை மேசைக்கு மேலே நிமிர்த்திச் சுற்றும். அதனால் பாட்டில்களை நிறுத்தி வைத்துக் கட்ட முடியாது, படுக்கப் போட்டுத்தான் கட்ட வேண்டும். படுக்கப் போட்டால் உருளும். இதற்கு நாங்கள் தச்சரிடம் சொல்லி, மேசையின் இரண்டு பக்கமும் சாய்வாக உட்காருகிற மாதிரி இரண்டு கட்டைகள் செய்து வாங்கினோம். நடுவில் பட்டை போகிற இடத்தில் மட்டும் வெட்டு. அடியில் பலகை வைக்கக் கூடாது. கீழ் வரிசைப் பாட்டில்கள் இரும்பு மேசையையே தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பலகையின் கனத்துக்குப் பட்டை வளையம் பெரிதாகி, கட்டு தளர்ந்துதான் வெளியே வரும். பக்கவாட்டில் சீல் வைக்கிற மாடலும் இருக்கிறது. ஈரச் சரக்கு, ஒழுகுகிற சரக்குக்கென்றே வருவது, பாட்டிலை நிறுத்தியபடி கட்டலாம். விலை அதிகம். வசதி இருப்பவர்கள் யோசிக்காமல் அதை வாங்குங்கள்.

இனி அடுக்கு. உருண்டைப் பாட்டிலுக்கு இதுதான் உயிர்.

எல்லோரும் முதலில் செய்வது மூன்றுக்கு இரண்டு என்று ஆறு பாட்டிலைச் சதுரமாக அடுக்கிக் கட்டுவது. கட்டியதும் பார்க்க அழகாக இருக்கும். தூக்கி நான்கு அடி நடந்தால் ஒரு வரிசை முன்னே நகர்ந்து மொத்தக் கட்டும் கோணிக்கொள்ளும். இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று தோன்றும், ஆகாது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. நேர் வரிசையில் நிற்கிற ஆறு பாட்டிலைச் சுற்ற எவ்வளவு பட்டை வேண்டுமோ, அதே ஆறு சாய்ந்து நின்றாலும் அதே அளவு பட்டைதான் வேண்டும். அப்படியிருக்க, பட்டைக்கு அவற்றை நேராக நிறுத்தி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. எவ்வளவு இறுக்கினாலும் அது கோணலைத் தடுக்காது.

ஒரு பாட்டிலை நடுவில் வைத்து, சுற்றி ஆறு பாட்டில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததன் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். நகர இடமே இருக்காது. இதில் என்னை அசர வைத்த விஷயம், இந்த ஏழு பாட்டிலைச் சுற்றுகிற பட்டையும் அந்த ஆறைச் சுற்றிய பட்டையும் ஒரே நீளம். வெளியே நிற்கும் பாட்டில்களின் மையங்களை இணைத்துக் கோடு போட்டால் இரண்டிலும் ஆறு விட்டம் வருகிறது. அதோடு ஒரு பாட்டிலின் சுற்றளவைக் கூட்ட வேண்டும், இரண்டுக்கும் அது பொதுதான். எங்கள் பாட்டில் ஆறரை சென்டிமீட்டர் விட்டம். ஒட்டு மடிப்பையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 63 சென்டிமீட்டர். ஒரு பாட்டில் கூடுதலாகப் போகிறது, பட்டை ஒரு அங்குலம்கூட அதிகமில்லை, கட்டும் கல் மாதிரி நிற்கிறது.

ஏழில் ஒரு சிக்கல் உண்டு. கடைக்காரர்களின் கணக்கு ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று போகிறது. "ஏழு என்ன கணக்கு தாயி, ஆறு வாங்குனா ஒண்ணு ஃப்ரீயா?" என்று இருக்கன்குடி அண்ணாச்சி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பில்லில் கட்டு என்று போடாமல் பாட்டில் எண்ணிக்கையைப் போட்ட பிறகு பெட்டிக்கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். டஜன்தான் வேண்டும் என்பவர்களுக்கு வேறு அடுக்கு இருக்கிறது: இரண்டு, மூன்று, நான்கு, மூன்று. மொத்தம் பன்னிரண்டு. இதற்குப் பட்டை சுமார் 82 சென்டிமீட்டர் போகும். மூன்றுக்கு நான்கு என்று சதுரமாகக் கட்டுவதைவிட ஆறரை சென்டிமீட்டர் மிச்சம், கட்டும் கோணாது. எங்கள் மெஷினில் இந்த இரண்டு அடுக்குக்கும் தனித்தனிக் கட்டை ஜோடி வைத்திருக்கிறோம்.

ஒரு கட்டுக்கு இரண்டு பட்டை. ஒன்று தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, இன்னொன்று அடிப்பாகத்தில் பூவிதழ் மாதிரி பிரிகிற இடத்துக்கு மேலே. நடுவில் ஒரே பட்டை போட்டால் கால் விரிந்துகொள்ளும், கட்டு தரையில் ஆடும். லேபிள் மேல் பட்டை படவே கூடாது, வண்டி குலுங்கும்போது உரசி அச்சு போய்விடுகிறது. இடுப்பு சிறுத்த பாட்டில் பயன்படுத்துகிறவர்கள் அந்தப் பள்ளத்தில் பட்டை போட ஆசைப்படாதீர்கள். பள்ளத்தில் பாட்டிலுக்குப் பாட்டில் ஒட்டாது, பட்டை இழுக்கிற இழுப்பில் மேலும் கீழும் பிளந்துகொள்ளும். எங்களுடையது நேரான உடம்பு. பாட்டிலுக்குப் புது மோல்டு போடும்போது, இரண்டு இடத்தில் பட்டை அகலத்துக்குச் சின்னப் பள்ளம் கேட்கலாம் என்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்தது இறுக்கம். மெஷினின் முன்பக்கம் ஒரு திருகு இருக்கும். அதைக் கூட்டினால் இழுப்பு கூடும், குறைத்தால் குறையும். எவ்வளவு வைப்பது என்று எந்தக் கையேட்டிலும் பாட்டிலுக்கு எழுதியிருக்காது. எங்கள் அளவுகோல் நடுப் பாட்டில்தான். ஏழு பாட்டில் கட்டில் சுற்றி இருக்கும் ஆறையும் பட்டை பிடிக்கிறது. நடுவில் இருப்பதைப் பட்டை தொடுவதே இல்லை. சுற்றியிருக்கிற ஆறும் நெருக்குகிற நெருக்கில்தான் அது நிற்கிறது. கட்டிய ஏழு பாட்டிலையும் நிமிர்த்தி, கீழே கையில்லாமல் பக்கத்தில் பிடித்துத் தூக்கி, ஒரு உலுக்கு உலுக்குங்கள். நடுப் பாட்டில் ஒரு விரற்கடை இறங்கினாலும் அந்தக் கட்டு தேறாது. இதை முதலில் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, எங்கள் லோடு அண்ணன். "ஏம்மா, நடுவுல உள்ளது இறங்குதே" என்று வண்டி மேலிருந்தபடியே சொன்னார். இப்போது ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் முதல் கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைக் கட்டுவோம். சுமக்கிறவர் சரி என்றால்தான் அந்த இறுக்கம் சரி.

நடுப் பாட்டில் வழுக்குவதற்கு இறுக்கக் குறைவைவிடப் பெரிய காரணம் ஈரம். சோடா போடுகிறவர்களுக்குத் தெரியும், நன்றாகக் குளிர்ந்த தண்ணீரில்தான் கேஸ் ஏறும். அதனால் பாட்டில் வெளியே வரும்போதே வேர்த்துக்கொண்டு வரும். அந்த வேர்வையோடு கட்டினால் மூன்று தொல்லை. பாட்டிலுக்குப் பாட்டில் வழுக்கும். பட்டை ஒட்டும் இடத்தில் ஈரம் பட்டால் ஒட்டு பிடிக்காது. மூன்றாவது, பாட்டில் படுத்துக் கிடப்பதால் தண்ணீர் சொட்டி அந்தப் பிளவு வழியாக மெஷினுக்குள் இறங்கும், உள்ளே ஹீட்டரும் மோட்டாரும் இருக்கிறது. ஆகவே துடைக்காமல் கட்டாதீர்கள். நாங்கள் ஃபேன் காற்றில் கொஞ்சம் ஓடவிட்டு, துணியால் துடைத்து மேசைக்கு அனுப்புகிறோம். சோடா கம்பெனித் தரை எப்போதும் ஈரம்தான், எர்த் கம்பி இல்லாமல் இந்த மெஷினை அங்கே வைக்கவே கூடாது. ரப்பர் விரிப்பு, காலில் செருப்பு, மெஷினுக்குக் கீழே உயரமான பலகை. இதில் ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

துடைத்துவிட்டு, குளிர் முழுக்கப் போவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். இந்தத் தொழிலில் பட்டைக்கு இருக்கும் பெரிய அனுகூலம் இங்கேதான்.

இந்த மெஷினில் போடும் பி.பி. (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) பட்டைக்கு ஒரு குணம் உண்டு. கட்டிய நேரத்தில் இருக்கும் இறுக்கம் சில மணி நேரத்தில் கணிசமாகக் குறைந்துவிடும். பிளாஸ்டிக் மெதுவாக நெகிழ்ந்து கொடுக்கும். அட்டைப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு இது தலைவலி. கேஸ் பாட்டிலுக்கு அப்படியில்லை. பாட்டில் குளிர்ந்திருக்கும்போது உள் அழுத்தம் குறைவு. வெளியே வந்து எங்கள் ஊர் வெயில் பட்டதும் தண்ணீரில் கரைந்த கேஸ் மேலே ஏறி அழுத்தம் கூடும். பெட் பாட்டில் அந்த அழுத்தத்துக்குத் துளி உப்பும். ஒவ்வொரு பாட்டிலும் மயிரிழை உப்பினாலும் ஏழும் சேர்ந்து பட்டையை உள்ளிருந்து தள்ளும். பட்டை நெகிழ்ந்து விட்டதைப் பாட்டில் ஈடு கட்டிவிடுகிறது. சாயங்காலம் கட்டியதைக் காலையில் தொட்டால் நேற்றைவிட விறைப்பாக இருக்கும். அதனால் குளிரில் கட்டும்போது திருகை முழுக்கக் கூட்டத் தேவையில்லை. அளவாக வைத்தாலே போதும், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

இதைத் திருப்பிப் போட்டால் தண்ணீர் பாட்டிலுக்கு ஏன் ஆகாது என்பது புரியும். அதற்குள் அழுத்தம் இல்லை, சுவர் மெலிசு. நடுப் பாட்டில் நிற்கிற அளவுக்கு இறுக்கினால் வெளிப் பாட்டில்களில் பட்டை பதிந்து இடுப்பு நசுங்கும். நசுங்காத அளவுக்குத் தளர்த்தினால் நடுப் பாட்டில் இறங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் கிடைக்குமா என்று பக்கத்துத் தண்ணீர் கம்பெனிக்காரர் எங்கள் மெஷினிலேயே முயன்று பார்த்தார், கிடைக்கவில்லை. அவர் ஷ்ரிங்க்கிலேயே இருப்பதுதான் சரி. ஜெர்மனியில் குரோன்ஸ் நிறுவனமும் மோஸ்கா நிறுவனமும் சேர்ந்து லைட்பேக் என்ற பெயரில் ஷ்ரிங்க் இல்லாமல் பட்டையால் மட்டும் பெட் பாட்டில் கட்டுகிற முறையைக் கொண்டுவந்தார்கள். அது பெரிய தொழிற்சாலைக்கான விஷயம், நமக்கு எட்டாது. இருந்தாலும் பட்டை மட்டும் போதும் என்பதை அவ்வளவு பெரிய கம்பெனி எடுத்துச் செய்தது எனக்குத் தைரியம் தந்தது.

ஒட்டு பற்றி. நல்ல ஒட்டு என்றால் நகத்தால் நெம்பினாலும் பிரியாது, இழுத்தால் பட்டைதான் அறும். சூடு குறைந்தால் வேகாத தோசை மாதிரி உரிந்து வரும். சூடு கூடினால் ஒட்டின் ஓரத்தில் பட்டை மெலிந்து, வண்டியில் ஏற்றும்போது பட்டென்று போகும், புகை நாற்றமும் வரும். எங்களுக்குத் தொல்லை கொடுத்தது வோல்டேஜ். மாலையில் ஊரே லைட் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், தகட்டின் சூடும் இறங்கும், காலையில் கல்லாக நின்ற ஒட்டு மாலையில் உரியும். மெஷினில் கோளாறு என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள். ஒரு ஸ்டெபிலைசர் போட்ட பிறகு அந்தப் பேச்சே இல்லை.

பட்டை ரோல் வாங்குவதில் ஏமாறுவது சுலபம். கிலோ கணக்கில் விற்கிறார்கள், நமக்கு வேண்டியது மீட்டர். சுண்ணாம்புப் பொடியை அதிகமாகக் கலந்தால் பட்டை கனக்கும், அதே கிலோவில் மீட்டர் குறையும், பலமும் குறையும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. சுத்தமான பி.பி. தண்ணீரைவிட லேசு, துண்டு வெட்டி வாளியில் போட்டு முக்கினாலும் மேலே வந்து மிதக்கும். பொடி மிகுந்தது மூழ்கும். இன்னொன்று, பட்டையை இறுக மடித்து நகத்தால் தேயுங்கள். நல்லது வெள்ளைக் கோடு விழுந்து நிற்கும், மட்டமானது நீளவாக்கில் நார் நாராகக் கிழியும். 12 மில்லிமீட்டர் அகலம் எங்கும் கிடைக்கும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். 9 மில்லிமீட்டரும் எடை தாங்கும், ஆனால் தூக்குகிறவர் விரலை அறுக்கும். மெஷின் கிரேடு என்று கேட்டு வாங்க வேண்டும். கையால் கட்டும் ரோல் ஒரு பக்கமாக வளைந்து வரும், மெஷினில் சிக்கிக்கொண்டே இருக்கும். பச்சை நிறத்தில் பளபளவென்று வருகிற பெட் பட்டை பலசாலிதான், அது செங்கல், மரம், பேலட் பலகையில் அடுக்கிய முழுச் சரக்கு கட்டுவதற்கு. நமக்கு நெகிழ்கிற பட்டைதான் தேவை.

எங்களிடம் எசன்ஸ் நிறுக்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. அதில் ஏழு பாட்டில் கட்டின் இரண்டு பட்டையையும் வைத்துப் பார்த்தேன், 7 கிராம் சுற்று. கடையில் வாங்கிய ஆறு பாட்டில் ஷ்ரிங்க் கட்டின் தாளை உரித்து வைத்தேன், 14 கிராம் பக்கம். பாட்டிலுக்கு ஒரு கிராம் என்பதும் இரண்டு கிராமுக்கு மேல் என்பதும் சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய குவியல் என்று தெரியும். காசிலும் வித்தியாசம் உண்டு. நான் வாங்குகிற விலையில் ஒரு கட்டுக்குப் பட்டைச் செலவு ஒரு ரூபாய்க்குள் அடங்குகிறது. வண்டியில் இரண்டு அடுக்கு ஏற்றும்போது நடுவில் ஒரு அட்டை விரிக்கிறோம். சிவகாசிப் பெட்டிக் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய அட்டை கிடைக்கும், அது போதும். கேஸ் இருப்பதால் பாட்டில் கீழிருந்து தாங்கும். ஷ்ரிங்க்கில் இருக்கிற ஒரு வசதி இதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டைக் கட்டில் தூசி மறைப்பு கிடையாது. மண் ரோட்டில் போகிற வண்டியில் மேலே தார்ப்பாய் கட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் கடைக்காரர் பழைய சரக்கா என்று கேட்பார்.

கட்டைப் பிரிப்பது பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த மெஷினைப் பரிந்துரைக்க மாட்டேன். கடைகளில் பட்டையைப் பிளேடாலோ கத்தியாலோ இழுத்து அறுக்கிறார்கள். பாட்டிலில் ஆழமாகக் கீறல் விழுந்தால் கேஸ் பாட்டில் அங்கேயே பீய்ச்சும். வெளியே நிற்கும் இரண்டு பாட்டிலுக்கு நடுவே பட்டை நேராகப் போகிற இடத்தில் பின்னால் ஒரு சந்து இருக்கும். கத்தரிக்கோலின் கீழ் நாக்கை அதில் விட்டு வெட்டினால் பாட்டிலைத் தொடாது. கடை கடையாகச் சரக்குப் போடும் எங்கள் லைன் வண்டியில் போகும் பையன் புதுக் கடை ஒவ்வொன்றிலும் இதைச் செய்து காட்டிவிட்டுத்தான் வருகிறான்.

வெட்டாமல் பாட்டில்களை ஒவ்வொன்றாக உருவி எடுக்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அப்போது பட்டை முழு வளையமாகத் தரையில் விழும். அது கழுத்தில் மாட்டிய நாயைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குட்டியாக இருக்கும்போது மாட்டிக்கொள்ளும், உடம்பு வளர வளரப் பட்டை உள்ளே இறங்கும். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அண்டார்டிகாவை ஒட்டிய தென் ஜார்ஜியா தீவில் கடல்நாய்களின் கழுத்தில் இதே பேக்கிங் பட்டைகள் ஏராளமாகக் கிடைத்ததால், அந்தக் கடலில் மீன்பிடிக்கும் கப்பல்கள் தூண்டில் இரைப் பெட்டிகளில் பிளாஸ்டிக் பட்டை போடக் கூடாது என்று 1990-களிலேயே தடை வந்தது. வேறு பெட்டிகளில் வந்த பட்டையையும் வளையம் வளையமாக வீசக் கூடாது, வெட்டிவிட வேண்டும் என்று விதி. அமெரிக்காவில் கேன்களை ஆறு ஆறாகக் கோக்கிற பிளாஸ்டிக் வளையங்கள் சிதைந்துபோகிற வகையில்தான் இருக்க வேண்டும் என்று 1988-ல் சட்டமே போட்டார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, கட்டும் பட்டை அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லை என்பதற்காக நாம் விட்டுவிடக் கூடாது. காலி பட்டையை வெட்டி ஒரு சாக்கில் போட்டு வையுங்கள் என்று கடைகளில் சொல்லியிருக்கிறோம், அடுத்த லைனில் வண்டி எடுத்து வரும். பழைய பிளாஸ்டிக் கடைக்காரர் ஒரு கைப்பிடி அளவு பட்டை என்றால் வாங்க மாட்டார், சாக்கு நிறைந்தால் வாங்குகிறார். எல்லாக் கடையும் கொடுப்பதில்லை. கொடுக்கிற கடைக்குத் திருவிழாச் சரக்கு முதலில் போகும்.

மெஷின் பராமரிப்பு பெரிய விஷயமில்லை. வேலை முடிந்ததும் பிளவுக்குள் சேர்ந்த பட்டைத் தூளைப் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். தகட்டில் உருகிப் பிடித்த கசடை, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு சுரண்ட வேண்டும். எங்கள் மாதிரி யூனிட்டில் சிரப்பு பட்ட கை மேசையில் பட்டு எறும்பு ஏறும், ஈரத்துணியால் மேலே மட்டும் துடைத்தால் போதும். விற்ற கடையில் சர்வீஸுக்கு ஆள் வருவதாகச் சொன்னார்கள், சீசனில் போன் எடுப்பதே இல்லை. அதனால் வாங்கும்போதே ஹீட்டர் தகடு ஒன்று, வெட்டும் கத்தி ஒன்று, ஃபியூஸ் நான்கைந்து சேர்த்து வாங்கிவிடுங்கள். தகட்டை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று கடையிலேயே செய்து காட்டச் சொல்லி, அதை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே கையால் இறுக்கும் டென்ஷனரும் கிளிப் அழுத்தும் சீலரும் ஒரு செட். கரண்ட் போன அன்றைக்கு லோடு நிற்காமல் போக அதுதான் உதவும்.